யூரின் கல்ச்சரில் 'ஒரு லட்சம்' என்று வந்தால் ஆண்டிபயாட்டிக் கொடுத்தே ஆகவேண்டுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் படித்தாலும் புரியும். அப்பாவுக்கு 76 வயது. பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கை, சர்க்கரையும் இருக்கிறது, யூரின் டியூப் போட்டிருக்கிறீர்கள். யூரின் கலங்கலாக, நாற்றமாக வருகிறது என்று வீட்டுக்கு வரும் நர்ஸ் சொன்னதால் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) கொடுத்தீர்கள். ஈ.கோலை என்ற குடல் கிருமி, ஒரு லட்சத்துக்கு மேல் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை, வழக்கம்போல் சாப்பிடுகிறார். போன தடவை வாங்கியதில் ஆறு செஃபிக்சிம் ஆண்டிபயாட்டிக் மாத்திரை மிச்சம் இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா, இல்லை ரிப்போர்ட்டில் மெரோபெனத்துக்கு 'எஸ்' (கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படும்) போட்டிருப்பதால் அந்த ஊசியை வீட்டிலேயே போடச் சொல்லலாமா, போன தடவை கோர்ஸைப் பாதியில் விட்டதால்தான் இப்படி ஆகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் நான்கு வயது மகளின் சளிக்கு மருந்துக்கடையில் கொடுத்த அஜித்ரோமைசின் ஆண்டிபயாட்டிக் சிரப்பைப் பற்றியும் ஒரு வரி.

நேராகச் சொல்கிறேன் தம்பி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அப்பாவுக்கு இப்போது ஆண்டிபயாட்டிக்கே தேவைப்படாமல் இருக்க வாய்ப்பு அதிகம். எந்த மாத்திரை என்பது அப்புறம் வரும் கேள்வி. அதற்கு முன்னால், அவருக்குத் தொற்று நோய் வந்திருக்கிறதா, இல்லை கிருமி சும்மா குடியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதை அந்த ரிப்போர்ட் சொல்லாது, அப்பாவின் உடம்புதான் சொல்லும்.

நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் லேபில் 22 வருடம் வேலை பார்த்தவள். உங்கள் கையில் இருப்பது மாதிரி ரிப்போர்ட்டை எத்தனை எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. மாமியாரை நான்கு வருடம் டியூபோடு வீட்டில் வைத்துப் பார்த்தவளும்கூட. அதனால் மருந்தை முடிவு செய்வதை உங்கள் டாக்டரிடமே விட்டுவிடுகிறேன். அந்தத் தாளுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

யூரின் லேபுக்கு வந்ததும் ஒரு மைக்ரோலிட்டர் மட்டும் எடுக்கும் சின்னக் கம்பி வளையத்தால் தொட்டு, கிருமி வளர்க்கும் ஜெல்லியான அகார் தட்டில் இழுப்போம். ராத்திரி முழுக்க 37 டிகிரியில் வைத்தால், ஈ.கோலை இருக்கும்பட்சத்தில் மறுநாள் காலை மக்கான்கி அகாரில் ரோஸ் நிறத்தில் புள்ளி புள்ளியாக முளைத்து நிற்கும். அதை எண்ணுவோம். நூறு புள்ளி இருந்தால் ஒரு மில்லிக்கு ஒரு லட்சம். உங்களைப் பயமுறுத்திய அந்த 'ஒரு லட்சம்' இவ்வளவுதான். அந்தக் கோட்டைப் போட்டவர் 1950களில் அமெரிக்காவில் இருந்த எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர். தானாகச் சிறுநீர் கழிக்கிறவர்களின் சாம்பிளில், பிடிக்கும்போது வெளியிலிருந்து ஒட்டிக்கொண்ட கிருமி எது, உண்மையிலேயே சிறுநீர்ப்பைக்குள் இருக்கும் கிருமி எது என்று பிரித்துப் பார்க்க அவருக்கு ஓர் அளவு தேவைப்பட்டது. டியூப் போட்ட ஒருவருக்கு மருந்து கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய யாரும் அந்தக் கோட்டைப் போடவில்லை. ஆனால் காலப்போக்கில் அப்படித்தான் ஆகிவிட்டது. சாம்பிளோடு வரும் சீட்டில் நோயாளிக்கு என்ன தொந்தரவு என்று எழுத ஓர் இடம் இருக்கும், பெரும்பாலும் காலியாகவே வரும். காய்ச்சலா, வலியா, சும்மா பார்க்கச் சொன்னார்களா, எங்களுக்கு எதுவும் தெரியாது. முளைத்ததை எழுதி அனுப்புவோம்.

டியூப் போட்டவர் யூரினில் கிருமி வராமல் இருக்கவே இருக்காது. போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிருமி ஏறுகிறது, ஒரு மாதம் தாண்டினால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும். டியூபின் உள்சுவரில் பாசி பிடித்த மாதிரி ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டியில் வழுவழுப்பாகப் பிடிக்குமே, அதே சங்கதிதான். அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாக நுழையாது. நீங்கள் மாத்திரை கொடுத்தால் யூரினில் மிதக்கும் கிருமி சாகும், நாற்றம் நாலு நாள் குறையும், நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள். பத்து நாளில் படலத்திலிருந்து மறுபடி கிளம்பும். இந்த முறை அந்த மருந்துக்கு அசையாத கிருமியாகக் கிளம்பும்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. மாமியாருக்கு முதல் வருடம் மூன்று தடவை 'நாற்றம் அடிக்கிறது' என்பதற்காக மாத்திரை கொடுத்தோம். மூன்று தடவையும் காய்ச்சல் கிடையாது. லேபில் மற்றவர்களுக்கு வாய் கிழியச் சொல்கிற நானே, வீட்டில் நாத்தனார் 'என்ன அண்ணி, ரிப்போர்ட்டில் இவ்வளவு கிருமி என்று போட்டிருக்கிறது, பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறீர்களே' என்று கேட்டதும் அசந்துபோனேன். டாக்டருக்குப் போன் போட்டு வற்புறுத்தி எழுதி வாங்கினேன். நாலாவது தடவை நிஜமாகவே வந்தது. சாயங்காலம் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிற குளிர் நடுக்கம், 103 டிகிரி, கண் திறக்கவில்லை. அந்தக் கல்ச்சர் தட்டை நானேதான் பார்த்தேன். மருந்து தடவிய சின்னக் காகித வட்டுகளைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வெற்று வளையம் விழவேண்டும். மாத்திரையாகக் கொடுக்கக்கூடிய எந்த மருந்தின் வட்டைச் சுற்றியும் வளையமே இல்லை. அமிக்காசினும் மெரோபெனமும்தான் மிச்சம், இரண்டும் ஊசி. ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்து வந்தார். முந்தைய மூன்று தடவையும் நான் சும்மா இருந்திருந்தால் இந்தத் தடவை மாத்திரையிலேயே போயிருக்குமோ என்று இன்றைக்கும் தோன்றும்.

'உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது' என்று நம் ஊரில் சொல்வார்கள். உடம்பு பழகுவதில்லை, கிருமிதான் பழகுகிறது. சரியாகச் சொன்னால் பழகுவதுகூட இல்லை. அப்பாவின் குடலில் கோடிக்கணக்கான ஈ.கோலை இருக்கும், அதில் ஏதோ சிலவற்றுக்கு செஃபிக்சிம் மாதிரி மருந்தை உடைத்துப்போடும் என்சைம் ஏற்கெனவே இருக்கும். ஈ.எஸ்.பி.எல். என்று ரிப்போர்ட்டில் பார்த்திருப்பீர்களே, அது இந்த என்சைம்தான். மாத்திரை கொடுத்ததும் அப்பாவிகள் எல்லாம் செத்துப்போக, காலியான இடத்தை இந்தச் சிலது பிடித்துக்கொள்ளும். அதோடு நிற்பதில்லை. இந்த என்சைமைச் செய்யும் குறிப்பு பிளாஸ்மிட் என்கிற தனி டி.என்.ஏ. துண்டில் இருக்கிறது, பரீட்சை ஹாலில் பிட்டுப் பேப்பர் கைமாறுகிற மாதிரி அது ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், வேறு இனக் கிருமிக்குக்கூடப் போகும். டியூப் வழியாக ஏறுவது பெரும்பாலும் இந்தக் குடல் கிருமிதான். ஒரு கோர்ஸ் எடுத்தவரிடம் மருந்துக்கு அசையாத கிருமி இருக்கும் வாய்ப்பு முதல் மாதத்தில் மிக அதிகம், ஒரு வருடம் வரைகூட அது நீடிக்கலாம் என்று 2010இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். போன தடவை கொடுத்த செஃபிக்சிமின் சுவடுதான் இந்த ரிப்போர்ட்டில் அதற்கு எதிரே நிற்கும் 'ஆர்' (கட்டுப்படாது) என்று எனக்குப் படுகிறது.

சரி, அப்படியென்றால் எப்போதுதான் பயப்படவேண்டும்? காய்ச்சல் 100.4க்கு மேல், குளிர் நடுக்கம், அடிவயிறு அல்லது விலாப்பக்கம் தொட்டால் முகம் சுளிப்பது, வாந்தி, மூச்சு வேகமாக வாங்குவது, பி.பி. இறங்குவது, நேற்றுவரை பேசியவர் திடீரென்று மசமசவென்று ஆகிவிடுவது. இவற்றில் ஏதாவது இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டர் பார்க்கவேண்டும், ராத்திரியானாலும் சரி. வயதானவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் சில சமயம் காய்ச்சலே வராமல் மோசமாகும். காரணமில்லாமல் சர்க்கரை எகிறுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, எப்போதும் இருப்பதைவிட ஆள் சோர்ந்து கிடப்பது இதெல்லாம் கவனிக்கவேண்டியவை. ஆனால் மசமசப்பு என்றாலே யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று முடிவுகட்டுவதும் தப்பு. மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, சர்க்கரை இறங்கியது, புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை என்று பல காரணம் இருக்கும். யூரினில் எப்படியும் கிருமி இருக்கும் என்பதால் பழி சுலபமாக அதன்மேல் விழுந்துவிடும், உண்மைக் காரணம் தப்பித்துவிடும்.

நாற்றமும் கலங்கலும் இந்தப் பட்டியலில் இல்லை. தண்ணீர் குறைந்தாலே யூரின் கெட்டியாகி நாறும், நம் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். இருதயம், சிறுநீரகம் காரணமாகத் தண்ணீரை அளந்து கொடுக்கச் சொல்லியிருந்தால் தவிர, முதலில் தண்ணீரைக் கூட்டிப் பாருங்கள். இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன், என்றைக்காவது பார்த்து அலறிவிடாதீர்கள்: சிலருக்கு யூரின் பை திடீரென்று கத்தரிப்பூ நிறமாகிவிடும். மலச்சிக்கலோடு படுக்கையில் இருப்பவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, வரும். சாப்பாட்டில் இருக்கும் டிரிப்டோஃபேன் குடலில் உடைந்து கடைசியில் யூரினுக்கு வரும்போது, அங்கே குடியிருக்கும் சில கிருமிகள் அதை நீலமும் சிவப்புமான சாயமாக்கி பிளாஸ்டிக்கில் ஏற்றிவிடும். நீலத்தின் பெயர் இண்டிகோ, ஆமாம், துணிக்குப் போடும் அவுரிச் சாயமேதான். பார்க்கத்தான் பயங்கரம். ஆள் நன்றாக இருந்தால் டியூபும் பையும் மாற்றி, மலச்சிக்கலைச் சரிசெய்தால் பெரும்பாலும் போய்விடும். மாமியாருக்கு ஒரு பொங்கல் சமயத்தில் இப்படி ஆகி வீட்டில் கூடியிருந்த அத்தனை பேரும் படுக்கையைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

சாம்பிளைப் பற்றிக் கேட்கவே பயமாக இருக்கிறது. பையின் அடிக்குழாயைத் திறந்து பிடித்தார்களா? அப்படியானால் அந்த ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுங்கள். பையில் மணிக்கணக்கில் தேங்கிய யூரினில் கிருமி பெருகிக்கொண்டே இருக்கும், அதில் கல்ச்சர் செய்தால் பையின் கதைதான் தெரியும். நிஜமாகவே தொற்று என்று சந்தேகம் வந்தால், டியூப் போட்டு இரண்டு வாரம் தாண்டியிருக்கும் பட்சத்தில் பழையதை எடுத்துவிட்டுப் புது டியூப் போட்டு அதிலிருந்து பிடிக்கவேண்டும். அதுவும் ஆண்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன். இப்படி டியூபை மாற்றுவதே பாதி வைத்தியம், அந்தப் படலம் மொத்தமாக வெளியே போய்விடுகிறது. இரண்டு வாரம் ஆகவில்லையென்றால் டியூபில் சாம்பிள் எடுக்க இருக்கும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து சிரிஞ்சில் எடுக்கலாம். பிடித்ததை இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் கொடுக்கவேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும். காலையில் பிடித்து ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துவிட்டு ஆபீஸ் போய் மதியம் கொண்டுவந்து கொடுத்தவர்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன், வெயிலில் அந்த டிக்கியே ஒரு இன்குபேட்டர். முக்கியமாக, தொந்தரவு எதுவும் இல்லாதபோது 'எதற்கும் ஒரு கல்ச்சர் பார்த்துவிடலாம்' என்று கொடுக்கவே கொடுக்காதீர்கள். அறிகுறி இல்லாமல் யூரினில் கிருமி மட்டும் இருந்தால் மருந்து கொடுக்கவேண்டியது முக்கியமாக இரண்டு பேருக்கு: கர்ப்பிணிகள், அப்புறம் சிறுநீர்ப் பாதையில் ரத்தம் வருகிற மாதிரி ஆபரேஷனுக்குப் போகிறவர்கள். சர்க்கரைக்காரர் என்பதற்காகக்கூடத் தனியாக வைத்தியம் தேவையில்லை.

இப்போது அந்த ஆறு மாத்திரை. ரிப்போர்ட்டிலேயே 'ஆர்' வந்த மருந்தை, மிச்சம் இருக்கிறதே, வீணாகப் போகிறதே என்று கொடுப்பதில் ஒரு லாபமும் இல்லை. காசு போட்டு வாங்கியதைத் தூக்கிப்போட மனசு வராது, எனக்கும் அப்படித்தான். செஃபிக்சிம் எச்1 அட்டவணை மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதது. 2014 மார்ச் 1 முதல் அந்த அட்டவணையில் இருப்பதை விற்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்கவேண்டும். 2016இல் அட்டையின் முதுகில் இருக்கும் சிவப்புக் கோட்டைப் பார்த்து வாங்குங்கள், சீட்டு இல்லாமல் சாப்பிடாதீர்கள் என்று மத்திய அரசு பிரச்சாரமும் செய்தது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 'சளி, காய்ச்சலுக்கு ஒரு செட்டு குடுங்க' என்றால் சின்னக் காகித உறையில் நாலு கலர் மாத்திரை வரும், அதில் எது ஆண்டிபயாட்டிக் என்று கொடுத்தவருக்கும் சாப்பிடுகிறவருக்குமே சில சமயம் தெரியாது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, மறுநாள் சரியாகிவிட்டது, அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டில் நைட்ரோஃபுராண்டாயினுக்கும் 'எஸ்' இருக்கிறது, அது பழைய மருந்து, மலிவு, கொடுத்தால் என்ன என்று அடுத்துத் தோன்றலாம். அது நல்ல மருந்துதான், சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்கு. ஆனால் ரத்தத்திலும் சிறுநீரகத் திசுவிலும் அது போதுமான அளவு சேராது. காய்ச்சலோடு வரும் தொற்றுக்கு அதைக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது, சிறுநீரகம் பழுதாகியிருந்தால் யூரினிலேயே சரியாக வந்து சேராது. 'எஸ்' என்ற ஓர் எழுத்து இதையெல்லாம் சொல்லாது என்பதற்காகத்தான் இந்த உதாரணம்.

மெரோபெனம் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும், உங்கள்மேல் இல்லை. ரிப்போர்ட்டில் நிறைய 'ஆர்'களுக்கு நடுவில் ஒரு 'எஸ்' தெரிந்ததும் 'பவர் ஜாஸ்தியான ஊசி, வீட்டுக்கே வந்து போடுகிறோம்' என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். கார்பாபெனம் வகையைச் சேர்ந்த இது கிட்டத்தட்ட கடைசி வரிசை மருந்து. 2010இல் என்.டி.எம்.-1 என்ற என்சைம் பற்றி வந்து உலகத்தையே உலுக்கிய கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதில் ஆராய்ந்த கிருமிகளில் சென்னையில் கிடைத்தவையும் உண்டு. கார்பாபெனத்தையே உடைக்கும் என்சைம் அது. என்.டி. என்றால் நியூ டெல்லி, அந்தப் பெயரை வைத்ததற்காகப் பெரிய சண்டை நடந்தது. அடுத்த வருடமே டெல்லியில் வீதியில் தேங்கிய தண்ணீரிலும், சில குழாய்த் தண்ணீர் சாம்பிளிலும் அந்த என்சைமுக்கான ஜீனைக் கண்டார்கள், ஆக அது ஐ.சி.யு.வோடு நிற்கும் சமாச்சாரம் இல்லை. 2012இல் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடி, ஆண்டிபயாட்டிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த ஒரு திட்டம் போட்டன, சென்னைப் பிரகடனம் என்று பெயர். அதற்கப்புறமும் நிலைமை இறங்குமுகம்தான். பெரிய மருத்துவமனைகளில் எடுக்கும் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) கணக்கில், இதே குடும்பத்து இமிபெனத்துக்குக் கட்டுப்படும் ஈ.கோலை 2017இல் நூற்றுக்கு 81 என்று இருந்தது 2023இல் சுமார் 63க்கு வந்துவிட்டது.

வீட்டிலேயே ஊசி ஆண்டிபயாட்டிக் போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனையில் தொடங்கி, நிலைமை சரியான பிறகு மிச்ச நாட்களை வீட்டில் முடிப்பது நல்ல முறைதான், செலவும் குறையும், மருத்துவமனைக் கிருமி ஒட்டாமலும் இருக்கும். ஆனால் மெரோபெனம் வழக்கமாக எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போடவேண்டியது. ராத்திரி வேளையை நர்ஸ் வராமல் விட்டுவிட்டால் அது அரைகுறை வைத்தியம், கிருமிக்குப் பயிற்சி கொடுத்த மாதிரி. அமிக்காசின் என்றால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். இன்னொன்று, அப்பாவுக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு ஃபிட்ஸ் வராமல் இருக்க வால்ப்ரோயேட் மாத்திரை ஏதாவது ஓடுகிறதா? மெரோபெனம் சேர்ந்தால் ரத்தத்தில் வால்ப்ரோயேட் அளவு சரசரவென்று இறங்கி ஃபிட்ஸ் வந்துவிடலாம். வீட்டுக்கு வந்து ஊசி போடுகிறவர் இதையெல்லாம் கேட்டாரா?

மாத்திரையிலும் இப்படி உண்டு. மூக்கு டியூப் வழியாகச் சாப்பாடு போகிறவர்களுக்கு சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆண்டிபயாட்டிக்கைப் பொடித்துப் பாலில் கலந்து விடுவார்கள். பாலில் இருக்கும் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் ஏறுவது குறைந்துபோகும். கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் ஜெலுசில் வகையறா எல்லாம் அதே வேலையைச் செய்யும். இடைவெளி எவ்வளவு விடவேண்டும் என்று டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கிளிமிப்ரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையோடு சிப்ரோ குடும்பத்து மருந்தோ கோட்ரைமாக்சசோல் என்ற ஆண்டிபயாட்டிக்கோ சேர்ந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கலாம். ஆண்டிபயாட்டிக் ஓடும் நாட்களில் குத்திப் பார்ப்பதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கோர்ஸைப் பாதியில் விட்ட குற்ற உணர்ச்சி உங்களை அரிக்கிறது என்று தெரிகிறது. அதைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். 'முழுக் கோர்ஸ் முடிக்காவிட்டால் எதிர்ப்பு வரும்' என்று நாங்களே வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தோம். 2017இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் சில பிரிட்டிஷ் நிபுணர்கள் அதற்குச் சரியான ஆதாரமே இல்லை என்று எழுதி ஒரு விவாதத்தைக் கிளப்பினார்கள். மருந்து எத்தனை நாள் ஓடுகிறதோ அத்தனை நாள் குடலில் இருக்கும் கிருமிகள்மேல் அழுத்தம் இருக்கும், அதனால் தேவைக்கு மேல் நீட்டுவதுதான் எதிர்ப்பை வளர்க்கிறது. பல தொற்றுகளுக்கு இப்போது நாட்களைக் குறைத்துவிட்டார்கள். சாதாரண நிமோனியாவுக்கு நோயாளி தேறிவந்தால் ஐந்து நாள் போதும் என்கிறார்கள். அதற்காக நாமே நினைத்த இடத்தில் நிறுத்தக்கூடாது. டி.பி.க்கு ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான், அதில் விட்டால் எதிர்ப்பு வருவது உறுதிப்பட்ட விஷயம். மற்றதற்கு, மூன்றாம் நாள் ஆள் நன்றாக இருந்தால் டாக்டருக்குப் போன் செய்து 'எத்தனை நாளோடு நிறுத்தலாம்' என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை, கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

படுக்கைப் புண் இருந்தால் (நீங்கள் எழுதவில்லை, ஆனால் எட்டு மாதம் என்கிறீர்கள்) அங்கேயும் இதே கதைதான். மேலாகத் துடைத்து கல்ச்சர் கொடுத்தால் ஊரில் உள்ள கிருமியெல்லாம் முளைக்கும். சுற்றிலும் சிவப்பு பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், எலும்பு தெரிந்தால் டாக்டர். இல்லாவிட்டால் ஆண்டிபயாட்டிக் பவுடர் தூவுவதைவிட சலைனில் கழுவுவதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைப்பதும்தான் ஆற்றும்.

மகளுக்கு வருகிறேன். சளி மஞ்சளாகிவிட்டது, பச்சையாகிவிட்டது என்பதற்கும் ஆண்டிபயாட்டிக்குக்கும் சம்பந்தம் இல்லை, வைரஸ் சளியும் மூன்றாம் நாலாம் நாள் மஞ்சளாகத்தான் ஆகும். இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், அவள் தூங்கும்போது. நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால், விலா உள்வாங்கினால், தண்ணீர் குடிக்க மறுத்தால் உடனே டாக்டர். இல்லையென்றால் அந்த சிரப்பைக் கலக்கவே கலக்காதீர்கள். 2019 கணக்குப்படி இந்தியாவில் தனியார் சந்தையில் அதிகமாகப் போன ஆண்டிபயாட்டிக் அஜித்ரோமைசின் 500 மாத்திரை, அடுத்தது உங்கள் வீட்டில் மிச்சமிருக்கும் அதே செஃபிக்சிம் 200. நம் நாட்டுச் சளியில் பாதியை அஜித்ரோமைசின்தான் குணப்படுத்துகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம், சளி தானாகப் போகிற நாளில் மாத்திரையும் முடிகிறது.

அப்பாவுக்கு நாளைக்குச் செய்யவேண்டியது. டாக்டரைக் கூப்பிட்டு, காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறார், பேச்சு வழக்கம்போல் இருக்கிறது, சாம்பிள் இப்படித்தான் பிடித்தோம் என்று முதலில் சொல்லுங்கள், அப்புறம் ரிப்போர்ட்டைச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டை முதலில் வாட்ஸாப்பில் தட்டிவிட்டால் மருந்துதான் திரும்பி வரும். அப்படியே இன்னொரு கேள்வி: இந்த டியூப் இன்னும் தேவையா? பக்கவாதத்தின்போது ஐ.சி.யு.வில் போட்டது, வீட்டுக்கு வந்த பிறகு யாரும் எடுக்க நினைக்காமல் அப்படியே ஓடிக்கொண்டிருப்பது நிறைய வீட்டில் நடக்கும். ஆண்களுக்கு வெளியே மாட்டும் உறை டியூப் இருக்கிறது, டயப்பர் இருக்கிறது. சிறுநீர் தானாக இறங்குகிறதா, உள்ளே தேங்குகிறதா என்று ஸ்கேனில் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். டியூபை எடுக்க முடிந்தால் இந்தப் பிரச்சினையில் முக்கால்வாசி அதோடு போய்விடும்.

எடுக்க முடியாதென்றால், பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்கவேண்டும். திருப்பிப் போடும்போது பையைத் தூக்கி வயிற்றின்மேல் வைக்கும் பழக்கம் பல அட்டெண்டர்களுக்கு உண்டு, பையில் இருப்பதெல்லாம் பின்வாங்கி உள்ளே போகும். முக்கால் பை நிறையும் முன் காலி செய்யவேண்டும், அடிக்குழாய் பாத்திரத்தைத் தொடக்கூடாது, டியூபையும் பையையும் இணைக்கும் இடத்தைச் சும்மா சும்மா கழற்றக்கூடாது. நர்ஸ் ஒரே நாளில் நாலைந்து வீடு போய் வருகிறவர் என்றால், வாசலில் நுழைந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், சங்கடப்படாதீர்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் அதில் இருக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைப் பதிந்துவையுங்கள், காசு கிடையாது.

அந்த ஆறு செஃபிக்சிமை அட்டையோடு அலமாரியில் வைக்காதீர்கள், வைத்தால் அடுத்த நாற்றத்துக்குக் கை தானாக அங்கேதான் போகும். சின்க்கில் கொட்டவும் வேண்டாம். வாங்கிய கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், மாட்டேன் என்றால் அட்டையிலிருந்து உதிர்த்து, பழைய காபித்தூள் சக்கையில் பிசைந்து, பிளாஸ்டிக் கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். டியூப் எப்போது போட்டது, கடைசியாக மாற்றிய தேதி என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அது உங்கள் கேள்வியில் இல்லை.